ஆன் ஆர்பரில் ஒருவர் வீட்டில் தங்கப் போகிறீர்களா?

அமெரிக்கா போகிறவர்களில் பாதிப் பேர் நியூயார்க், நயாகரா, லாஸ் வேகாஸ் என்று ஓடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊர் மனிதர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் தெரியவேண்டுமானால் ஒரு கல்லூரி ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் நாலு நாள் தங்கவேண்டும். நான் தங்கியது மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில், பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியையும் அவர் கணவரும் இருந்த வீட்டில். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837-இல் டெட்ராய்ட்டிலிருந்து இந்த ஊருக்கு மாறியது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் படிக்க வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால், வெளிநாட்டுக்காரருக்கு வீட்டைத் திறந்துவிட அங்கே பலர் தயங்குவதில்லை. கீழே சொல்வதெல்லாம் ஆன் ஆர்பரை வைத்துத்தான். ஆனால் இத்தாக்கா, மேடிசன், புளூமிங்டன் மாதிரி ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள், நாம் சொல்லும் பதிலை அப்படியே நம்புவார்கள். போய்ச் சேர்ந்த ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அந்த அம்மா "ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார், நானும் நம் வழக்கப்படி "இல்லை, பரவாயில்லை" என்றேன். இரண்டாவது தடவை கேட்பார், தட்டைப் போட்டுவிடுவார் என்று மனசுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. அவர் "சரி, நன்றாகத் தூங்கு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை மெதுவாக விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு உண்மையாகவே வருத்தம். "வேண்டாம் என்று சொன்னாயே, உன்னை வற்புறுத்தக் கூடாது என்றுதானே விட்டேன்" என்றார். அவருடைய மரியாதை அது. அதனால் பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள், குளிர்ந்தால் இன்னொரு போர்வை கேளுங்கள், பிடிக்காததை "வேண்டாம், நன்றி" என்று தள்ளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எப்போது போவது

கல்லூரி ஊருக்கு என்று ஒரு தனி நாள்காட்டி உண்டு, அதைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள், பழைய வாடகை முடிந்து புது வாடகை தொடங்குகிற சமயம் வேறு. தெருவோரமெல்லாம் சோஃபாவும் மெத்தையுமாகக் கிடக்கும், யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் பட்டமளிப்புச் சமயம், பெற்றோர் கூட்டம் வரும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஏழெட்டு சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம், அதாவது அமெரிக்க ஃபுட்பால். ஊரில் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய ஒண்ணேகால் லட்சம் பேர், பிக் ஹவுஸ் என்று செல்லமாகச் சொல்கிற மிச்சிகன் ஸ்டேடியத்தில் இருக்கைகள் 1,07,601. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமைகளில் ஹோட்டல் வாடகை எங்கேயோ போய்விடும், வீட்டுக்காரர்களுக்கும் சொந்தபந்தம் வந்து அறை நிரம்பிவிடும்.

ஆனால் உங்களைக் கூப்பிடுகிறவரே "ஆட்டம் இருக்கிற வாரம் வா" என்று சொன்னால் மறுக்காதீர்கள். மைதானத்துக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீடுகளில் புல்தரையையே பார்க்கிங்குக்கு விடுவார்கள், கார் டிக்கியைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், முன்பின் தெரியாதவர்கூட உங்களைப் பார்த்து "கோ புளூ!" என்பார். பதிலுக்கு நீங்களும் "கோ புளூ!" என்றால் போதும், கையில் ஒரு தட்டு வந்துவிடும். மஞ்சளும் நீலமும்தான் அங்கே நிறம். ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட்டம் இருக்கிற நாளில் சிவப்புச் சட்டை மட்டும் போடாதீர்கள், அது எதிரணியின் நிறம்.

நான் சொல்வேன், அக்டோபர் நடுவில் ஆட்டம் இல்லாத நாலு நாளாகப் பார்த்துப் போங்கள். மரமெல்லாம் சிவந்து நிற்கும், குளிர் தாங்குகிற அளவில் இருக்கும், மாணவர்களும் ஊரில் இருப்பார்கள். மே, ஜூனும் நல்ல மாதங்கள், ஊர் அமைதியாக இருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் நேரம் கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரியில் போவதானால் நல்ல கோட்டும் பனியில் வழுக்காத பூட்ஸும் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது

தெரிந்தவரின் தெரிந்தவர் என்று யாராவது கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் இதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. செர்வாஸ் 1949-இல் டென்மார்க்கில் தொடங்கியது. பயணிகளைப் பேட்டி எடுத்துத்தான் சேர்த்துக்கொள்வார்கள், சாதாரணமாக இரண்டு ராத்திரி தங்கலாம், அதற்கு மேல் வீட்டுக்காரர் விருப்பம். கவுச்சர்ஃபிங் 2004-இல் வந்தது, 2020-இலிருந்து பல நாட்டுக்காரர்களிடம் கட்டணம் கேட்கிறார்கள். பீவெல்கம் தன்னார்வலர்கள் நடத்துவது, இலவசம். சைக்கிளில் சுற்றுகிறவர்களுக்கு வார்ம்ஷவர்ஸ். கொஞ்சம் வயதானவர்கள், நிதானமாகப் பேசுகிறவர்கள் வேண்டுமென்றால் செர்வாஸ். மாணவர்களோடு தரையில் மெத்தை போட்டுப் படுக்கத் தயார் என்றால் மற்றவை. மாணவர் வீட்டில் தங்குவதானால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் விருந்தாளி எத்தனை ராத்திரி தங்கலாம் என்று பல இடங்களில் வரம்பு வைத்திருப்பார்கள், உங்களால் அவருக்குத் தொல்லை வரக் கூடாது.

எழுதும்போது ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு நகலெடுத்து அனுப்பாதீர்கள், பார்த்த உடனே தெரிந்துவிடும். அவர் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதில் எது உங்களை இழுத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் போகிறீர்கள், ஊருக்குள் எப்படிச் சுற்றப்போகிறீர்கள், சைவமா அசைவமா என்பதெல்லாம் முதல் கடிதத்திலேயே வந்துவிடவேண்டும். சைவம் என்பதோடு நிறுத்தாமல் முட்டை உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள், அங்கே சைவக்காரர் என்றால் முட்டை சாப்பிடுவார் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாய் பூனை பயம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பல வீடுகளில் ஒரு நாய் வந்து உங்கள் காலை முகர்ந்துதான் வரவேற்கும்.

முன்பு தங்கியவர்கள் எழுதிய கருத்துகளை ஒன்றுவிடாமல் படியுங்கள், முக்கியமாகப் பெண்கள் எழுதியவற்றை. புறப்படும் முன் ஒரு வீடியோ காலில் பேசிவிடுங்கள். வீட்டு முகவரியை ஊரில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட்டு, ஒரு ராத்திரி ஹோட்டலுக்கு ஆகும் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். உள்ளே போனபின் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள். ஆபத்து என்றால் 911.

விசாவும் விமான நிலையமும்

சுற்றுலா விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்திலேயே அமெரிக்காவில் எங்கே தங்குவீர்கள் என்ற கேள்வி வரும். இறங்கியதும் குடிநுழைவு அதிகாரியும் அதையே கேட்கலாம். வீட்டுக்காரரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள், போன் அந்த நேரம் பார்த்து சார்ஜ் இல்லாமல் போகும். எப்படிப் பழக்கம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இன்னொன்று, "தங்க இடம் தருகிறேன், பதிலுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள், தோட்ட வேலை செய்" என்கிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கையில் காசு வாங்காவிட்டாலும் அது வேலைதான், சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது வேறு, வாடகைக்குப் பதிலாக உழைப்பது வேறு.

பெட்டியில் கறிவேப்பிலை வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கிற பூச்சியும் நோயும் அதோடு வரும் என்று தடை செய்திருக்கிறார்கள். பழம், விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். பொடி, இனிப்பு மாதிரி எது கொண்டு போனாலும் சுங்கத்தில் "சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், சொல்லாமல் மாட்டினால் அபராதம். பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறவே ஏறாதீர்கள்.

டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து ஆன் ஆர்பர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மிச்சிகன் ஃப்ளையர் பஸ் நேராகப் போகிறது. சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் ஆம்ட்ராக்கின் வுல்வரின் ரயிலில் ஊருக்குள்ளேயே இறங்கலாம். கூட்டிப்போக வருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள். அவராகச் சொல்லாதவரை எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுக்குள்

செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள், வீட்டுக்கு வீடு வேறுபடும். மிச்சிகனில் பனிக்காலத்தில் பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். வீட்டுக்காரரைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். எழுபது வயது ஆனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு வராது, ஆனால் "மேடம்" "சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்களை எட்ட நிறுத்துவது மாதிரி ஆகிவிடும்.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். குளியல் தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. ஷவர் திரையின் அடிப்பகுதியை இழுத்துத் தொட்டியின் உள்பக்கம் விட்டுக்கொண்டுதான் குழாயைத் திறக்கவேண்டும். வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் திரை வழியாகத் தரையில் இறங்கும், வீடு மரத்தால் கட்டியது, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் திட்டுத் திட்டாகத் தெரியும். குழாயைப் பல வீடுகளில் இழுக்கவேண்டும், சில வீடுகளில் திருகவேண்டும். முதல் நாளே "ஒரு தடவை காட்டுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டாய்லெட் பேப்பரைக் கழிப்பறைக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் விடுவார்கள், வேறு எதையும் அதில் போடாதீர்கள். தண்ணீர்தான் வேண்டும் என்றால் ஒரு சின்ன மக்கை உங்கள் பெட்டியிலேயே எடுத்துப் போங்கள். காலையில் அவர்கள் எத்தனை மணிக்குக் குளியலறைக்குப் போவார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுங்கள். வெந்நீர் ஒரு தொட்டி அளவுதான் இருக்கும், நீங்கள் காலி செய்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்.

வீட்டின் சூடு ஃபாரன்ஹீட்டில் இருக்கும், 68 என்றால் நம் கணக்கில் 20 டிகிரி. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கருவி சுவரில் இருக்கும், அதைக் கேட்காமல் தொடாதீர்கள், பில் அவர்களுக்குத்தான் வரும். மின்சாரம் 120 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் நம் ஊர் மின்சாரம், அந்த ஊர் மின்சாரம் இரண்டையும் தாங்கும், சரியான பிளக் மட்டும் வேண்டும். நம் ஊர் ஹேர் டிரையரும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் அங்கே சரியாக வேலை செய்யாது.

சோடா, பியர் டப்பாக்களைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். மிச்சிகனில் ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், காலி டப்பாவைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திருப்பித் தருவார்கள். நான் இருந்த வீட்டில் கேரேஜில் ஒரு பெரிய பை நிறையச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு மாலை அந்தக் கணவரோடு போய் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் விட்டேன், ஒவ்வொன்றும் உள்ளே போய் நசுங்குகிற சத்தம், கடைசியில் ரசீது. அவர் தன் கல்யாணக் கதை முழுவதையும் சொன்னது அந்த வரிசையில் நின்றபோதுதான். வீட்டு வேலைக்குக் கூடப் போங்கள், பேச்சு அங்கேதான் தானாக வரும்.

ஒரு நாள் நீங்கள் சமையுங்கள்

இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் முன்னாலேயே கேட்டுக்கொண்டு. வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் அங்கே நிறைய, சிலருக்கு அது உயிர் போகிற விஷயம், அதனால் எண்ணெய் என்ன என்பது வரைக்கும் கேளுங்கள். தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். மிளகாய் வற்றல் கொஞ்சம் கருகினாலே போதும், கூரையில் இருக்கும் புகை அலாரம் காதைக் கிழிக்கும். அடித்தால் பதற வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து அலாரத்துக்குக் கீழே விசிறுங்கள், நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றாதீர்கள். அடுக்குமாடியாக இருந்தால் கட்டட அலாரமே அடித்து எல்லாரும் கீழே இறங்கி நிற்கும்படி ஆகிவிடலாம், அங்கே தாளிப்பைக் குறைத்துக்கொண்டு எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று முடித்துக்கொள்வது நல்லது. காரத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். முடிந்ததும் பாத்திரம் எது டிஷ்வாஷரில் போகும், எது கையால் கழுவவேண்டும் என்று கேளுங்கள். கனமான இரும்புச் சட்டியை டிஷ்வாஷரில் போட்டால் துருப்பிடித்துவிடும், அது அவர்கள் பாட்டி காலத்துச் சட்டியாகவும் இருக்கலாம்.

ஊருக்குள்

விருந்தாளியை நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றுவது அங்கே வழக்கமில்லை. ஒரு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உங்கள் மேல் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள், அந்தச் சாவியைக் கொடுப்பதுதான் அவர்களுடைய உபசாரம். நீங்களும் பகலில் வெளியே போய்விட்டுச் சாயங்காலம் வாருங்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மதில் சுவர் கிடையாது, நேராக உள்ளே நடக்கலாம். வளாகத்துக்குள் ஓடும் நீலப் பஸ்களில் டிக்கெட் இல்லை. கலை அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இலவசம். டையாக் என்கிற நடுத்திடலின் தரையில் பித்தளை எழுத்து ஒன்று பதித்திருக்கும், முதல் பரீட்சை எழுதும் முன் அதை மிதித்தால் தோல்விதான் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை, எல்லாரும் சுற்றித்தான் நடப்பார்கள். கொஞ்ச தூரத்தில், தன் ஒரு முனையை மட்டும் ஊன்றி நிற்கும் பிரம்மாண்டமான கறுப்புக் கனசதுரத்தை இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள், அவ்வளவு பெரிய இரும்பு மெதுவாகச் சுழலத் தொடங்கும். மிச்சிகன் யூனியன் கட்டடத்தின் வாசல் படிகளில் 1960 அக்டோபர் 14, விடிகாலை 2 மணிக்கு ஜான் கென்னடி மாணவர்களிடம் பேசினார், அமெரிக்கத் தன்னார்வலர்களை மற்ற நாடுகளுக்கு அனுப்புகிற பீஸ் கோர் என்ற அமைப்புக்கு விதை விழுந்தது அங்கேதான். சனிக்கிழமை காலை கெர்ரிடவுன் சந்தைக்கு வீட்டுக்காரரோடு போங்கள், பாதி ஊரை அங்கே அறிமுகம் செய்துவைத்துவிடுவார். ஹ்யூரான் ஆற்றை ஒட்டிய நிக்கல்ஸ் ஆர்போரீட்டத்தை உள்ளூர்க்காரர்கள் "ஆர்ப்" என்பார்கள், ஒரு மாலை முழுக்க நடக்கலாம்.

கடையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 6 சதவீத விற்பனை வரி சேரும், சமையல் சாமான்களுக்கு மட்டும் அந்த வரி கிடையாது. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் 18, 20 சதவீதம் டிப்ஸ் வைக்கவேண்டும், பரிமாறுகிறவரின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். வீட்டுக்காரரை ஒரு வேளை வெளியே கூட்டிப்போய் நீங்கள் காசு கொடுங்கள், முன்கூட்டியே "இது என் செலவு" என்று சொல்லிவிட்டு. மதுவுக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும், பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கஞ்சா விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 2018-இல் மிச்சிகன் மக்கள் வாக்களித்து அதைச் சட்டபூர்வமாக்கினார்கள், கடைகளே இருக்கின்றன, வீட்டிலும் யாராவது நீட்டலாம். ஆனால் மத்திய சட்டப்படி அது இன்னும் குற்றம், குடிநுழைவு விஷயமெல்லாம் மத்திய அரசின் கையில். வெளிநாட்டுக்காரருக்கு அடுத்த விசாவே கிடைக்காமல் போகலாம். "வேண்டாம், நன்றி" போதும்.

பேச்சில் சம்பளம் எவ்வளவு, வயசு என்ன, ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏன் குழந்தை இல்லை என்பவற்றை விட்டுவிடுங்கள். இந்த ஊருக்கு எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். கல்லூரி ஊரில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ படிக்க வந்து அங்கேயே தங்கிப்போனவர்கள், ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

கிளம்பும் நாள்

முந்தின ராத்திரியே பெட்டியைக் கட்டிவிடுங்கள். காலையில் மெத்தை விரிப்பையும் தலையணை உறையையும் உருவி மடித்து, எங்கே போடுவது என்று கேட்டு அங்கே வையுங்கள். குளியலறைத் தொட்டியில் முடி கிடந்தால் எடுத்துவிட்டு ஒரு தடவை துடைத்துவிடுங்கள். கொண்டுபோன பரிசை முதல் நாளே கொடுத்திருப்பீர்கள். விலை உயர்ந்ததாக இருக்கவேண்டாம், நான் ஒரு டபரா டம்ளர் செட்டும் காபிப் பொடியும் கொடுத்து எப்படி ஆற்றுவது என்று காட்டினேன், அந்த அம்மா சிங்க் பக்கத்தில் நின்று மூன்று நாளும் ஆற்றிப் பழகினார். கையால் எழுதிய நன்றி அட்டை ஒன்றை விட்டுவிட்டு வாருங்கள், அதற்கு அங்கே தனி மதிப்பு. பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதாமல், அந்த டப்பா இயந்திரத்தையோ சந்தையில் வாங்கிக் கொடுத்த ஆப்பிளையோ குறிப்பிட்டு எழுதுங்கள். சாவியை அட்டையின் மேலேயே வைத்து, அதை ஒரு போட்டோ எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் மறக்காமல் ஒரு வரி.